குதிரை வீட்டுக்கு வந்த சிப்பாய்

சின்னப்பொண்ணு அக்கா முதல் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். நகர்த்திய பிறகு அது கட்டத்தின் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். விரல் நுனியால் கொஞ்சம் திருத்தி வைத்தார். அதற்கப்புறம்தான் கடிகாரத்தின் பொத்தானை அமுக்கினார்.

எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அது வெளியே தெரியக்கூடாதே என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தேன்.

மலை மேல் செம்மேட்டில் ஒரு சமுதாயக் கூடம். முந்தின நாள் அங்கே யாருக்கோ வளைகாப்பு நடந்திருந்தது. சந்தன வாசனையும் புளிசாத வாசனையும் இன்னும் போகவில்லை. ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து, மேசை மேல் விரித்திருந்த பிளாஸ்டிக் செஸ் துணியை ஈரமாக்கிக்கொண்டிருந்தது. பெண்கள் பிரிவின் கடைசிச் சுற்று. அதுவரை எல்லா ஆட்டமும் ஜெயித்தவர்கள் இரண்டே பேர்: நானும், அதே மலையில் அரியூர் நாடு என்கிற பகுதியிலிருந்து வந்திருந்த சின்னப்பொண்ணு அக்காவும். இந்த ஆட்டத்தில் ஜெயிக்கிறவருக்குக் கோப்பை. நாமக்கல்லில் நடக்கும் மாவட்டப் போட்டிக்கும் அவர்தான் போவார்.

கதைக்குள் போவதற்கு முன் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நான் வாந்தி எடுத்த வரலாற்றைப் போன வாரம் எழுதியிருந்தேன். "கையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டு எத்தனை கடிதங்கள்! வைத்திருந்தேன் ஐயா, வைத்திருந்தேன். நாற்பதாவது வளைவில் அந்த எலுமிச்சம்பழத்துக்கே தலை சுற்றிவிட்டது.

பன்னிரண்டு வரை கெட்டிக்காரி

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. இந்த மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக வேலை. ஜன்னலுக்கு உள்ளே நின்று, சீட்டை வாங்கிப் பார்த்து, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று சொல்லி மாத்திரை கொடுக்கிறவள். மலையில் எனக்குப் பெயர் "மாத்தரம்மா". சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்க முடியும்.

நான் செஸ் கற்றது கல்லூரியில். விடுதிக்குப் பக்கத்து நூலகத்தில், ஆட்டத் தொடக்கங்களைப் பற்றி ஒரு தடிப் புத்தகம் இருந்தது. பிரெஞ்சுத் தொடக்கம், இத்தாலியத் தொடக்கம், சிசிலியத் தொடக்கம் என்று உலகத்தில் உள்ள ஊரெல்லாம் அதில் இருக்கும். வெள்ளை இதை நகர்த்தினால் கறுப்பு அதை நகர்த்த வேண்டும், கறுப்பு அதை நகர்த்தினால் வெள்ளை இதை. வாய்ப்பாடு போல உருப்போட்டேன். ஒவ்வொரு தொடக்கத்திலும் பன்னிரண்டு நகர்த்தல் வரை எனக்கு மனப்பாடம்.

பதின்மூன்றாவதிலிருந்து ஆண்டவன் விட்ட வழி.

ஆனால் பாருங்கள், முதல் பன்னிரண்டையும் யோசிக்காமல் டக் டக்கென்று ஆடினால் எதிராளி பாதி செத்துவிடுவார். "இவள் பெரிய கை போலிருக்கிறது" என்று அவருக்கு வேர்க்கும். அந்த வேர்வையில்தான் நான் நிறைய ஆட்டம் ஜெயித்தேன். கல்லூரியில் இரண்டு வருஷம் நான்தான் முதல்.

பிறகு கல்யாணம். கணவர் வீட்டுக்குப் போன அன்று முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரியைக் காட்டினார்கள். உள்ளே பதினொரு கோப்பைகள். எல்லாம் அவர் வாலிபாலில் வாங்கியவை. வருஷத்துக்கு இரண்டு தடவை, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும், அத்தனையையும் எடுத்துத் துடைத்து வைப்பது என் வேலை. பத்தொன்பது வருஷம் துடைத்தேன். ஒரு தடவைகூடக் குறை சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும், இதில் ஒன்றிலாவது நம் பெயர் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்து போகும்.

மலைக்கு மாற்றலாகி வந்தபின் சாயங்காலங்கள் நீளமாகிவிட்டன. போனில் செஸ் ஆட ஆரம்பித்தேன். அந்தச் சமயத்தில்தான் போட்டி அறிவிப்பு வந்தது. எங்கள் டாக்டர் பையன் வயசுக்காரர். "சிஸ்டர், நீங்க போனா மத்தவங்க பாவம் இல்லையா?" என்றார். இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே மனசுக்குள் அலமாரியில் இடம் பார்த்துவிட்டேன். பத்தாவது கோப்பைக்கும் பதினொன்றாவதுக்கும் நடுவில்.

ராஜஸ்தானிலிருந்து வந்த ஆட்டம்

சின்னப்பொண்ணு அக்காவை எனக்கு முன்பே தெரியும். மாதம் ஒரு தடவை தன் கணவருக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஜன்னலுக்கு வருவார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். மெலிந்த கை, அழுத்தமான பேச்சு. மாத்திரையை வாங்கியதும் அங்கேயே நின்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

அவர் செஸ் ஆடுவார் என்பதுதான் தெரியாது. முதல் சுற்றில் அவர் ஒரு டீச்சரைத் தோற்கடித்தபோது, ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். இரண்டாவது சுற்றில் ஒரு அங்கன்வாடி ஊழியர் தோற்றார். அவர் எழுந்து வந்து என் காதில், "என்னத்த ஆடறாங்கன்னே புரியலீங்க மேடம். ஆனா நான் தோத்துட்டேன்" என்றார்.

அக்கா எங்கே கற்றார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் கணவர் வெள்ளையன் அண்ணன். இளவயசில் திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் வேலைக்குப் போனவர். அந்த லாரிகள் போகாத மாநிலம் கிடையாது. ராஜஸ்தானில் ஒரு கிராமத்தில், லாரி பழுதாகி, பாகம் வருகிற வரைக்கும் ஒன்றரை மாதம் கிடந்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் வேப்பமரத்தடியில் நாளெல்லாம் சதுரங்கம் ஆடுவார்களாம். பாஷை தெரியாமலேயே அண்ணன் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். இங்கே வந்து மிளகும் குச்சிக்கிழங்கும் போட்டுக் குடும்பம் நடத்த ஆரம்பித்ததும் ஆட்டம் மறந்துபோனது. (குச்சிக்கிழங்கு என்றால் மரவள்ளிக்கிழங்கு, எங்கள் ஊர் மரச்சீனிதான். அதை முதல் நாள் சந்தையில் "மரச்சீனி" என்று கேட்டு, கடைக்காரர் எனக்கு அரைக்கிலோ சீனி கட்டிக் கொடுத்த கதை தனி.)

மூன்று வருஷத்துக்கு முன், மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு ஏறியவர், ஏணியோடு சரிந்து விழுந்தார். இடுப்பெலும்பு. கிட்டத்தட்ட ஒரு வருஷம் படுக்கை. எழுந்து உட்கார முடிந்ததும் அவர் முதலில் கேட்டது ஒரு செஸ் அட்டை. சந்தையில் வாங்கி வந்து கொடுத்தார் அக்கா. ஆடுவதற்கு ஆள் வேண்டுமே? அக்காவே உட்கார்ந்தார். காட்டு வேலை முடிந்ததும் தினம் இரண்டு ஆட்டம்.

"மொதோ ஆறு மாசம் தோத்துக்கிட்டேதாங்க கெடந்தேன். அப்பறம் அவரு தோத்தாரு. அன்னைக்குச் சாப்பிடவே இல்லீங்க, அவரு" என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த ராஜஸ்தான் ஆட்டத்துக்கும் போட்டி ஆட்டத்துக்கும் சில வித்தியாசங்கள் உண்டு. அங்கே சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும், இரண்டு கட்டம் தாவாது. மந்திரிக்குப் பெயர் ஒட்டகம். இன்னொரு வித்தியாசமும் உண்டு. அதற்குத்தான் இந்த அத்தியாயமே.

உடையாத சுவர்

இனி ஆட்டத்துக்கு வருவோம். எனக்கு வெள்ளைக் காய். ஆளுக்கு அரை மணி நேரம்.

ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை நான் இரண்டு கட்டம் தள்ளியிருந்தேன். பதிலுக்கு அக்கா தன் ராஜாவுக்கு முன்னால் நின்றதை ஒரு கட்டம் தள்ளினார் என்று சொன்னேன் அல்லவா? "பிரெஞ்சுத் தொடக்கம்!" என்று என் மூளை கூவியது. புத்தகத்தில் முப்பத்தெட்டாம் பக்கம். டீ வட்டம் பதிந்திருக்கும் பக்கம். நான் ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். இப்போது கறுப்பும் தன் ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி என்னோடு மோத வேண்டும். அதுதான் சட்டம்.

அக்கா அதையும் ஒரு கட்டம் தள்ளினார்.

இரண்டே நகர்த்தலில் என் புத்தகம் முடிந்துவிட்டது.

அடுத்தது குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாய், ஒரு கட்டம். அந்தப் பக்கத்துக் குதிரைக்கு முன்னாலும் ஒரு கட்டம். இரண்டு ஒட்டகங்களும் பக்கவாட்டில் ஒளிந்துகொண்டன. இரண்டு குதிரைகளும் சிப்பாய்களுக்குப் பின்னால் அடக்கமாக வந்து நின்றன. ஓரத்துச் சிப்பாய்களும் ஒரு கட்டம், ஒரு கட்டம். தன் பாதியைத் தாண்டி ஒரு காயும் வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டத்தின் நடுவில் பேசக்கூடாது, ஆனாலும் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, சிப்பாய் முதல் தடவை ரெண்டு கட்டம் போகலாம், தெரியும்லா?"

"காலைல பி.டி. மாஸ்டர் சொன்னாருங்க. போலாமாமா." பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "எதுக்குங்கம்மா அவ்ளோ அவசரம்?"

நடுவராக இருந்த பி.டி. மாஸ்டர் கழுத்தில் தொங்கிய விசிலைத் தொட்டுக் காட்டினார். செஸ் போட்டிக்கும் விசிலோடு வந்த ஒரே நடுவர் அவராகத்தான் இருக்கும். இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

நான் கோட்டை கட்டினேன். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுகிற அந்த வேலையை அக்கா ஒவ்வொரு சுற்றிலும் பார்த்திருப்பார். இருந்தாலும் ஒருத்தி பஸ்ஸில் இரண்டு சீட் பிடித்ததைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

இந்தத் தொடக்கத்துக்குப் பெயர் உண்டு என்பதை அன்று ராத்திரி போனில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நீர்யானைத் தொடக்கமாம். சேற்றுக்குள் அமுங்கிக் கிடக்கும், வாயைத் திறக்கும்போதுதான் தெரியும். உலகப் பெரிய ஆட்டக்காரர்களே எப்போதாவது ஆடுவார்களாம். அக்காவுக்கு நீர்யானையும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. ஒரு கட்டம் ஒரு கட்டமாக நகரும் ஆட்டத்தைக் கற்றவர் இயல்பாகப் போய்ச் சேர்ந்த இடம் அது.

சேற்றுக்குள் கிடப்பதை நான் குச்சியால் குத்திப் பார்த்தேன். நடுவில் மூன்று சிப்பாய்களைத் தள்ளினேன். ராணியை வெளியே கொண்டுவந்தேன். இடது பக்கம் தாக்கினால் சுவர் வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நின்றது, உடையவில்லை. இருபது நிமிஷம் ஓடிவிட்டது. என் சிப்பாய்கள் வெகுதூரம் போய்விட்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் துணைக்கு யாரும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்போது நீர்யானை வாயைத் திறந்தது.

ஒரு சிப்பாய் முன்னால் வந்து என் நடுச்சிப்பாயை இடித்தது. அந்த வழி திறந்ததும் ஒளிந்திருந்த ஒட்டகம் மூலையிலிருந்து மூலைக்குப் பாய்ந்தது. காய்கள் மளமளவென்று வெட்டுப்பட்டன. குளிர் அடிக்கிற கூடத்தில் எனக்கு வேர்த்தது. கல்லூரியில் எத்தனை பேரை வேர்க்க வைத்திருப்பேன்!

மற்ற மேசைகளில் ஆட்டம் முடிந்துவிட்டது. எல்லோரும் எங்களைச் சுற்றி நின்றார்கள். எங்கள் டாக்டர்கூட வந்திருந்தார், கையில் டீ டம்ளரோடு.

"குதிரை ஊடு"

கடைசியில் நிலைமை இது. என்னிடம் ராஜா, ஒரு மந்திரி, மூன்று சிப்பாய்கள். அவரிடம் ராஜா, ஒரு குதிரை, இரண்டு சிப்பாய்கள். என் வலது ஓரத்துச் சிப்பாய் ஒன்று எதிர்க்கரை சேர இன்னும் இரண்டு நகர்த்தல். அவருடைய சிப்பாய் ஒன்று என் கரையைச் சேர ஒரே நகர்த்தல். இப்போது நகர்த்த வேண்டியது அவர்.

செஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிப்பாய் எதிர்க்கரை போய்ச் சேர்ந்துவிட்டால் அதை எடுத்துவிட்டு வேறு காய் வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் ராணியைத்தான் வைப்பார்கள். அதுதான் இருப்பதிலேயே பலமான காய். அக்கா அங்கே ராணியை வைத்தால், அது குறுக்குக் கோட்டில் பலகையின் மறுகோடி வரை பார்க்கும். என் ஓரச் சிப்பாய் அடுத்த அடி வைத்தால் செத்தது. ஆட்டம் முடிந்தது. கோப்பையும் போயிற்று.

நான் கை கொடுக்கத் தயாராகி, பேனாவை மூடிக்கூட வைத்துவிட்டேன்.

அக்கா சிப்பாயைக் கரை சேர்த்தார். சேர்த்த கட்டத்தைப் பார்த்தார். ஆட்டத் தொடக்கத்தில் என் குதிரை நின்ற கட்டம் அது. "குதிரை ஊடு" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு, வெட்டுப்பட்டு ஓரமாகக் கிடந்த தன் குதிரையை எடுத்து அங்கே வைத்தார். ராணி அதன் பக்கத்திலேயே கிடந்தது.

ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. மறுகணம் புரிந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் பழைய ஆட்டக்காரர்களும் அப்படித்தான் ஆடுவார்கள். சிப்பாய் எந்தக் காயின் வீட்டில் போய்ச் சேர்கிறதோ அந்தக் காய்தான் கிடைக்கும். யானை வீட்டில் யானை, குதிரை வீட்டில் குதிரை. ராஜஸ்தான் ஆட்டத்தின் அந்த மூன்றாவது வித்தியாசம் இதுதான்.

அக்காவின் விரல் இன்னும் குதிரையின் மேல் இருந்தது. கடிகாரத்தை அமுக்கவில்லை. அவர் தப்பாக ஏதும் செய்யவில்லை. குதிரை வைப்பதும் சட்டப்படி சரிதான். அதனால் பி.டி. மாஸ்டர் வாயைத் திறக்க முடியாது. அவர் என்னைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"அக்கா, ராணி வைக்கலாம்." மூன்று சொல். என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

நான் சொல்லவில்லை.

அவர் விரலை எடுத்தார். கடிகாரத்தை அமுக்கினார். கரையில் நின்ற குதிரையால் அந்தக் கோடிக்கு வர முடியாது. நான் என் ஓரச் சிப்பாயை முன்னால் தள்ளினேன். அவர் ஏதோ நகர்த்தினார். நான் கரை சேர்ந்தேன். என் ராணியை எடுத்து வைத்தேன்.

அக்கா நிமிர்ந்தார். "ஏனுங்க மாஸ்டர், அது யானை ஊடுங்களே. அங்க ராணி வைக்கலாமுங்களா?"

"எந்தக் கட்டத்துலயும் ராணி வைக்கலாம்மா." மாஸ்டரின் குரல் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தது.

"அப்புடீங்களா" என்றார் அக்கா. அவ்வளவுதான். தன் குதிரையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஆட்டத்தைத் தொடர்ந்தார். இன்னும் பதினைந்து நகர்த்தல் போராடிவிட்டுத்தான் கை கொடுத்தார்.

கைதட்டினார்கள். கோப்பையைக் கொடுத்தார்கள். வெளியே வரும்போது அக்கா என் பக்கத்தில் வந்தார். "நான் எதுக்குக் குதிரை வெச்சேன்னு நீங்க நெனச்சீங்க?"

"ஏதோ தந்திரம்னு நினைச்சேன்கா. பயந்தே போய்ட்டேன், நாலஞ்சு நகர்த்தல்ல ஏதோ வச்சிருக்கீங்கன்னு."

பொய்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லோணும். ஆட்டம் மொத்தமும் ஞாபகமிருக்குதுங்க. ராத்திரி அப்புடியே வெச்சுக் காட்டுவேன்." பஸ்ஸுக்கு ஓடினார். நான் கோப்பையோடு நின்றேன். அதில் என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

மாத்திரை ஜன்னலில்

அடுத்த பத்து நாள் எல்லோரும் வாழ்த்தினார்கள். போனில் கணவர், "பன்னிரண்டாவது கோப்பை!" என்று சந்தோஷப்பட்டார். நானும் ஊம் கொட்டினேன். மாத்திரை எண்ணும்போது எண்ணிக்கை தவறியது. பத்து கொடுக்க வேண்டிய இடத்தில் ஒன்பது கொடுத்து, ஒரு தாத்தா திரும்பி வந்து சண்டை போட்டார்.

பதினோராவது நாள் ஜன்னலில் சின்னப்பொண்ணு அக்கா. கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம்.

"இந்தாங்கம்மா. நாமக்கல் போட்டிக்குத் தெம்பா போவோணுமில்லீங்க." சீட்டையும் நீட்டினார். "எங்கூட்டுக்காரரு என்ன சொன்னாரு தெரியுமுங்களா? 'அந்தம்மாளே தந்திரமுன்னு நெனச்சாங்கன்னா நீ பெரிய ஆளுதான் புள்ள'ன்னாரு. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாருங்க."

அவருக்குப் பின்னால் முப்பது பேர் வரிசை. வாழைப்பழம் என் கையில் கனத்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அது தந்திரம்னு நான் நினைக்கல. ராணி வைக்கலாம்ங்கிறது உங்களுக்குத் தெரியலன்னு எனக்கு அப்பமே தெரியும். நீங்க கடிகாரத்த அமுக்குறதுக்கு முன்னாடியே தெரியும். வேணும்னுதான் சும்மா இருந்தேன். அன்னைக்கு உங்ககிட்ட சொன்னது பொய்."

அக்கா என்னையே பார்த்தார். அந்த அழுத்தமான முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வரிசை ஜன்னலை இன்னும் நெருங்கி வந்தது. வாழைப்பழத்தைத் திருப்பிக் கேட்பார், அல்லது மாத்திரையை வாங்காமலே போய்விடுவார் என்று நினைத்தேன். இரண்டில் எது வந்தாலும் எனக்கு வேண்டியதுதான்.

"அப்ப, ராணி வெச்சிருந்தா நான் செயிச்சிருப்பேனுங்களா?"

"ஜெயிச்சிருப்பீங்க."

"நெசமாலுமா?"

"சத்தியமா, அக்கா."

"அது தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தீங்க."

"ஆமா."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். அப்புறம் கேட்டார். "அப்ப எம்பட ஆட்டத்துக்குப் பயந்துட்டீங்க?"

"ஆமாக்கா. ரொம்பப் பயந்துட்டேன்."

"நெசமான பயம்?"

"நெசமான பயம்."

அந்த முகம் மெதுவாக விரிந்ததை நான் பார்த்தேன். முதலில் கண்ணில், அப்புறம் வாயில். திரும்பி வரிசையைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா? மாத்தரம்மா என்னையக் கண்டு பயந்துட்டாங்களாமா! இந்த மலையில பொறந்து இத்தன வருசமாச்சு. ஆபீசுல, ஆசுபத்திரியில, எங்க போனாலும் நாமதான் பயந்துக்கிட்டு நிப்போம். எங்கிட்ட ஒரு கவர்மெண்டு ஆளு பயந்தது இதுதானுங்க மொதத் தடவ!"

சிரிப்பு வரிசையின் கடைசி வரை போனது. அக்கா அங்கேயே போனை எடுத்தார். "ஏனுங்க, நாந்தேன். கேளுங்க, அந்தாட்டத்துல நாந்தான் செயிச்சிருக்கேன். ஆமா! அவிங்களே சொல்றாங்க. இருங்க, குடுக்கறேன்." போனைக் கம்பிக்குள் நீட்டினார்.

"வணக்கமுங்க." வெள்ளையன் அண்ணனின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். "நெசந்தானுங்களா?"

"நெசந்தான் அண்ணே."

அண்ணன் சிரித்தார். "எனக்கும் இவளைக் கண்டா இப்பப் பயந்தானுங்க" என்றார்.

மாஸ்டரை அன்றே கூப்பிட்டு, எனக்குப் பதிலாக நாமக்கல்லுக்கு அக்காவை அனுப்ப முடியுமா என்று கேட்டேன். பெயர்ப் பட்டியல் போய்விட்டது என்றார். அக்காவோ, "குச்சிக்கிழங்கு புடுங்கற நேரத்துல நான் எங்கிருந்து போறது? நீங்களே போங்க" என்றுவிட்டார். போனேன். ஐந்தில் இரண்டு ஜெயித்தேன். மாவட்டப் போட்டியைப் பற்றிச் சொல்வதற்கு அவ்வளவுதான் இருக்கிறது.

வாழைப்பழம் வந்த அன்று, ஒரு மணிக்கு மருந்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தால், அக்கா இன்னும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஊருக்குப் போகும் பஸ் அப்போதுதான் கண் முன்னால் போனது.

"பஸ் போயிருச்சே அக்கா!"

"போவட்டுமுங்க. அடுத்த பஸ் மூணு மணிக்கு. ஒரு ஆட்டம் போடலாமுங்களா?"

டாக்டரின் அறையில் ஒரு செஸ் அட்டை இருந்தது. வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் மாத்திரையை மடியில் கட்டிக்கொண்டு போகாமல் நின்றார்கள். நான் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். அக்கா ஒரு கட்டம். அவர் சுவரைக் கட்டி முடிக்கட்டும் என்று இந்தத் தடவை நானும் என் காய்களை நிதானமாக வெளியே கொண்டுவந்தேன். உருப்படியாகத்தான் ஆடினேன், சத்தியமாகச் சொல்கிறேன். நாற்பது நிமிஷத்தில் என் ராஜாவுக்குப் போக இடமில்லாமல் போய்விட்டது.

தோற்றது வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். ஆனால் பத்து நாளாக மாத்திரை எண்ணத் தடுமாறிய கை, காய்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கும்போது ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

மூன்று மணி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அக்கா தலையை வெளியே நீட்டினார். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

"அடுத்த வாரம் வாரேனுங்க!" என்று கத்தினார். "அது வரைக்கும் கொஞ்சம் பயந்துக்கிட்டே இருங்க!"